சாச்சாவின் குளிசையும் 1977ஆம் ஆண்டின் எலிகளும்

பதிவு கொஞ்சம் நீளம். சீனி வருத்தக்காரர் ஒருவராவது இல்லாத வீடு நம் ஊர்களில் இப்போது அபூர்வம். அதனால் நேரம் ஒதுக்கி வாசித்துவிடுங்கள்.

சென்ற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நமது சாச்சாவைப் பார்க்கப் போயிருந்தோம். பதினைந்து வருடமாக நீரிழிவு. மாதம் தவறாமல் கிளினிக். சாச்சி பிளேன் டீ கொண்டுவந்து வைத்தார். சாச்சா சீனிப் போத்தலைத் திறந்து இரண்டு கரண்டி நிறைய அள்ளிப் போட்டுக் கலக்குகிறார். இவ்வளவு காலமும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த அந்தச் சின்ன டப்பாவைக் காணவில்லை. எங்கே என்று கேட்டோம்.

"அத வீசிட்டன் மகன். கென்சர் வருமெண்டு வொயிஸ் ஒண்டு வந்திச்சு. எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்களாம். அமெரிக்காக்காரன் லேபள்லயே அடிச்சிருக்கானாம்."

அந்த வொயிஸை நமது போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வந்து இரண்டு முறை கேட்டோம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நமது வேலை சுலபம். சிக்கல் என்னவென்றால் அதில் சொல்லப்பட்டவை அத்தனையும் நடந்தவைதான். எலிகளுக்கு சக்கரின் கொடுத்தது உண்மை. சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது உண்மை. அமெரிக்காவில் லேபளில் எச்சரிக்கை அச்சடித்ததும் உண்மை. ஆனால் கதை 1977இல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது எதுவுமே அதில் இல்லை. நாம் டொக்டர் அல்ல, பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர். பாதியில் வெட்டப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. எனவே ஒரு கிழமையாக வாசித்ததை இங்கே முதலிலிருந்து எழுதுகிறோம்.

கதை ஆரம்பிப்பது ஒரு சீனி வழக்கில்தான். 1877இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் இறக்குமதிக் கொம்பனியின் சீனியை அரசாங்கம் தடுத்து வைத்தது. அந்தச் சீனியின் தூய்மையைப் பரிசோதித்துச் சாட்சி சொல்வதற்காக கொன்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்ற இரசாயனவியலாளரைக் கொம்பனி அமர்த்தியது. ரஷ்யாவில் பிறந்து ஜேர்மனியில் படித்தவர், சீனி விடயத்தில் தேர்ந்தவர். பரிசோதனைக்கு இடம் கொடுத்தது ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வுகூடம். சீனி வேலை முடிந்த பிறகும் ஃபால்பெர்க் அங்கேயே தங்கி, நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருட்களை வைத்து ரெம்சனின் ஆய்வில் சேர்ந்துகொண்டார்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பாணை எடுத்துக் கடித்தால் பாண் இனிக்கிறது. வாயைத் துடைத்தால் துவாய் இனிக்கிறது. விரலை நக்கிப் பார்த்தால் சீனியை விட இனிப்பு. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஆய்வுகூடத்துக்கு ஓடி, மேசையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் சுவைத்துப் பார்த்தாராம். இது அவரே பிற்காலத்தில் பத்திரிகையாளர்களுக்குச் சொன்ன கதை. அந்தப் பாத்திரங்களில் ஒன்றில் நஞ்சு எதுவும் இருக்கவில்லை என்பது அவருடைய நல்ல காலம். ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது, கை கழுவாமல் வெளியே போகக் கூடாது என்று தரம் 6இலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இனிப்பூட்டிகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்த விதியை மீறியவர்கள்தான் வரிசையாக வருகிறார்கள். ஆகையால் இந்தப் பகுதியை விஞ்ஞான வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ரெம்சனும் ஃபால்பெர்க்கும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1879இல் வெளியானது. ரெம்சனுக்கு அது ஒரு நல்ல ஆய்வு, அவ்வளவுதான். ஃபால்பெர்க்குக்கு அது வியாபாரம். சில வருடங்களின் பின் ரெம்சனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காப்புரிமையைத் தன் பெயரில் எடுத்து, ஜேர்மனியின் மக்டபூர்க் நகருக்குப் பக்கத்தில் தொழிற்சாலை போட்டார். பேராசிரியர் சாகும்வரை அதை மன்னிக்கவில்லை. பொருளுக்கு ஃபால்பெர்க் வைத்த பெயர் சக்கரின். இலத்தீனில் சீனிக்குரிய சொல்லிலிருந்து எடுத்தது. அந்த இலத்தீன் சொல்லும், நமது சர்க்கரையும், அரபியின் 'சுக்கர்' என்ற சொல்லும் கடைசியில் வந்து சேருவது ஒரே வேரில். பெயரில் மட்டும்தான் உறவு. சீனியோடு சக்கரினுக்கு இரசாயன ரீதியில் எந்தச் சொந்தமும் இல்லை. சீனியை விட 300 மடங்குக்கு மேல் இனிக்கும். நாக்கின் அடியில் ஒரு கசப்பு மிஞ்சும். உடம்பு அதை உடைத்துச் சக்தியாக்குவதில்லை. உள்ளே போனபடியே சிறுநீரில் வெளியே வந்துவிடும். ஃபால்பெர்க் 10 கிராமைத் தானே விழுங்கிவிட்டு ஒரு நாள் காத்திருந்து பார்த்ததாகவும் சொல்வார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சுலின் என்ற மருந்தே கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில், நீரிழிவு நோயாளிக்கு இனிப்பைத் திருப்பிக் கொடுக்க டொக்டர்மாருக்குக் கிடைத்த முதல் பொருள் இதுதான்.

சக்கரின் மீது விழுந்த முதல் பெரிய அடி எலியால் வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். அது பீட்ரூட் கிழங்கால் வந்தது. ஐரோப்பாவில் சீனி வருவது பெரும்பாலும் சீனிக்கிழங்கிலிருந்து. ஜேர்மனியில் அதைப் பயிரிட்ட பெரும் பண்ணையாரும் ஆலைக்காரரும் அரசாங்கத்தில் செல்வாக்கானவர்கள். சீனி வரியால் கஜானாவுக்கும் வருமானம். ஒரு கிலோ சக்கரின் 300 கிலோ சீனியின் வேலையைச் செய்தால் யாருக்கு வயிறு எரியும்? 1902இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரேயொரு தொழிற்சாலைதான் சக்கரின் செய்யலாம், மருந்துக்கடையில்தான் விற்கலாம், டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்க முடியாது. சீனி வாங்க வழியில்லாத ஏழைகள் அதுவரை சக்கரினைத்தான் மலிவு இனிப்பாகப் பாவித்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அயல்நாடுகள் பலவும் இதே மாதிரிச் சட்டம் போட்டன. சுவிட்சர்லாந்து போடவில்லை. விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சூரிச் நகரம் சக்கரின் கடத்தலின் தலைநகரானது. உடுப்புக்குள் இரகசியப் பை தைத்து, பொதிகளுக்கு அடியில் மறைத்து எல்லை தாண்டினார்கள். இன்று கஞ்சாவுக்கு ஓடுவது மாதிரி அன்று சுங்க அதிகாரிகள் இனிப்புத் தூளுக்குப் பின்னால் ஓடினார்கள். பிறகு முதலாம் உலகப் போர் வந்து சீனி தட்டுப்பாடானதும் 1916இல் ஜேர்மன் அரசாங்கம் அந்தத் தடையைத் தளர்த்தியது. பதினான்கு வருடமாக மக்களுக்குக் கூடாதென்று இருந்த பொருள், சீனி முடிந்ததும் கூடும் என்றானது.

அமெரிக்காவில் கதை வேறு விதம். 1901இல் ஜோன் குயீனி என்பவர் செயின்ட் லூயிஸ் நகரில் மனைவியின் குடும்பப் பெயரில் ஒரு கொம்பனி தொடங்கினார். அதன் முதல் உற்பத்தி சக்கரின். கொம்பனியின் பெயர் மொன்சான்டோ. ஆம், பிற்காலத்தில் களைநாசினிக்கும் விதைக்கும் உலகமெங்கும் பெயர்போன அதே மொன்சான்டோ. வொயிஸ் போட்டவருக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் கூட்டியிருப்பார்.

அந்தக் காலத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தலைமை இரசாயனவியலாளர் ஹார்வி வைலி. உணவில் கலப்படத்துக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடியவர், 1906இல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டத்தின் தந்தை என்றே சொல்வார்கள். நல்ல மனிதர், நேர்மையானவர். ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து வந்த எதையும் அவருக்குப் பிடிக்காது. 1908இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் முன்னால் ஒரு கூட்டம். டின்னில் அடைத்த சோளத்துக்குச் சீனிக்குப் பதிலாக சக்கரின் போட்டு வருடத்துக்கு 4,000 டொலர் மிச்சம் பிடிப்பதாக ஒரு வியாபாரி சொன்னார். வைலி பொறுக்க மாட்டாமல் குறுக்கே புகுந்து, அதைச் சாப்பிட்ட ஒவ்வொருவரும் ஏமாற்றப்பட்டவர்கள், சீனி என்று நினைத்து உடம்புக்குக் கேடான தார்ப் பொருளைச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றார். ரூஸ்வெல்ட்டின் முகம் மாறியது. அவருடைய சொந்த வைத்தியரே அவருக்கு நாள்தோறும் சக்கரின் கொடுத்து வந்தார்! சக்கரின் கேடு என்று சொல்பவன் முட்டாள் என்று ஜனாதிபதி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதை எழுதி வைத்தவர் வைலியேதான், தன்னை முட்டாளாக்கிய கதையை மறைக்காமல்.

கொஞ்சம் நின்று பாருங்கள். வைலி ஒரே மூச்சில் இரண்டு விடயம் சொன்னார். சீனி என்று நம்பவைத்து வேறொன்றைக் கொடுப்பது மோசடி என்பது ஒன்று. அதில் அவர் நூறு வீதம் சரி. அது உடம்புக்குக் கேடு என்பது மற்றது. அதற்கு அவரிடம் போதிய ஆதாரம் இருக்கவில்லை. ரூஸ்வெல்ட்டின் பக்கமும் அப்படித்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஆதாரமாகாது. நம் ஊரில் பாபுல் போடுபவரும் இதையேதான் சொல்கிறார்.

அந்தச் சண்டையைத் தீர்க்க ரூஸ்வெல்ட் ஒரு நிபுணர் சபையை நியமித்தார். தலைவர் யார் தெரியுமா? ஐரா ரெம்சன். சக்கரின் பிறந்த ஆய்வுகூடத்தின் அதே பேராசிரியர். நாளொன்றுக்கு 0.3 கிராம் வரை பாவித்தால் தீங்கில்லை, ஒரு கிராமுக்கு மேல் நீண்ட காலம் எடுத்தால் சமிபாடு குழம்பலாம் என்பது சபையின் முடிவு. ஃபால்பெர்க் மீது அவ்வளவு வெறுப்பு வைத்திருந்தவர் தீர்ப்பில் அதைக் காட்டவில்லை, அது நமக்குப் பிடித்திருக்கிறது. இருந்தும் திணைக்களம் சக்கரினை 1912இலிருந்து பொது உணவிலிருந்து நீக்கியது. சொன்ன காரணம், சத்துள்ள சீனிக்குப் பதிலாகச் சத்தில்லாத ஒன்றைப் போட்டால் உணவின் தரம் குறைகிறது என்பது. நூறு வருடத்துக்குப் பிறகு அதே சத்தின்மைதான் விளம்பரத்தில் முதல் வரியாக வருகிறது.

இரண்டு உலகப் போர்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனி இல்லாத இடமெல்லாம் சக்கரின் போனது. பிரித்தானியாவில் சீனிப் பங்கீடு 1940இல் தொடங்கி 1953 வரை நீடித்தது. நம் நாட்டிலும் எழுபதுகளில் கூப்பன் சீனிக்கு வரிசையில் நின்றவர்கள், கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன் டீ குடித்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சீனி இல்லாமல் தேநீர் குடிக்கும் கஷ்டத்தை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

போர் முடிந்து வயிறு நிறைந்த பிறகு அமெரிக்கர்களுக்கு வேறு கவலை வந்தது, உடல் பருமன். இப்போது சக்கரினோடு ஒரு கூட்டாளியும் இருந்தது, சைக்கிளமேட். 1937இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்வேடா என்ற மாணவர், ஆய்வு மேசையில் வைத்த சிகரட்டைத் திரும்ப எடுத்து வாயில் வைத்தபோது அது இனித்ததால் கண்டது. (கை கழுவாதவர் இலக்கம் இரண்டு. சிகரட் வேறு.) பத்துக்கு ஒன்று என்ற அளவில் இரண்டையும் கலந்தால் சக்கரினின் கசப்பு மறைந்துவிடும். அறுபதுகளில் டயட் சோடாக்கள் அந்தக் கலவையில்தான் ஓடின.

இதற்கிடையில் 1958இல் அமெரிக்க உணவுச் சட்டத்தில் டிலேனி வாசகம் என்று ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. மனிதனிலோ மிருகத்திலோ புற்றுநோயை உண்டாக்குவதாகக் காணப்பட்ட எதையும் உணவில் சேர்க்க அனுமதிக்க முடியாது. எவ்வளவு கொடுத்தபோது உண்டானது என்ற கேள்வியே அதில் கிடையாது. எழுதியவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் பதினொரு வருடத்தில் அதன் கூர் தெரிந்தது. 1969இல் சைக்கிளமேட், சக்கரின் கலவை கொடுத்த 240 எலிகளில் 8இற்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. அந்த வருடம் ஒக்டோபரில் சைக்கிளமேட் தடை. அமெரிக்காவில் இன்றும் அந்தத் தடை இருக்கிறது, ஐரோப்பாவில் அதே பொருள் அனுமதியோடு விற்கப்படுகிறது. ஒரே எலிகள், இரண்டு தீர்ப்பு.

இனி வருவதுதான் சாச்சாவின் எலிகள்.

கனடாவில் நடந்த ஆய்வு. எலிகளின் உணவில் 5 வீதம் சக்கரின். தாய் எலிக்கும் கொடுத்து, அதன் வயிற்றில் பிறந்த குட்டிகளுக்கும் வாழ்நாள் முழுவதும் கொடுத்தார்கள். குட்டிகளில் ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தெளிவாகக் கூடின. 1977 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சக்கரினைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. டிலேனி வாசகம் இருக்கையில் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கனடா தடை செய்தே விட்டது.

5 வீதம் என்றால் எவ்வளவு? நமது தரம் 8 பிள்ளைகளே போடும் கணக்கு. ஒருவர் நாளொன்றுக்கு உலர் நிறையில் அரைக் கிலோ உணவு சாப்பிடுகிறார் என்று வையுங்கள். அதில் 5 வீதம் 25 கிராம். ஒரு சின்னக் குளிசையில் 15 மில்லிகிராம் சக்கரின் என்று எடுத்தால், 25 கிராமுக்கு ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேல் குளிசை வேண்டும். ஒரு நாளைக்கு. பிறந்த நாளிலிருந்து.

இதைக் கேட்டு அன்று அமெரிக்கர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டு எழும்பிப் போவது சரியில்லை. விஞ்ஞானிகள் வேண்டுமென்றேதான் கூடிய அளவு கொடுக்கிறார்கள். இலட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்தைச் சில நூறு எலிகளில் பிடிக்க வேண்டுமானால் அதைத் தவிர வழி குறைவு. ஆகவே அளவு கூட என்பது மட்டும் சக்கரினுக்கு விடுதலை வாங்கித் தராது. கேட்க வேண்டிய கேள்வி, எலிக்கு ஏன் வந்தது, அதே காரணம் மனிதனிடம் இருக்கிறதா என்பது. அந்தக் கேள்விக்கு 1977இல் யாரிடமும் விடை இல்லை.

அப்போது சந்தையில் வேறு இனிப்பூட்டியும் இல்லை. சைக்கிளமேட் போய்விட்டது, அஸ்பார்டேம் இன்னும் வரவில்லை. நீரிழிவுக்காரர்கள் எங்களிடம் இருப்பதே இது ஒன்றுதான் என்று கொதித்தார்கள். சோடாக் கொம்பனிகள் அந்தக் கொதிப்பில் தாராளமாக எண்ணெய் ஊற்றின என்பதையும் சொல்ல வேண்டும். கடிதங்கள் குவிந்தன. காங்கிரஸ் இறங்கி வந்து அந்த நவம்பரில் ஒரு நடுவழி கண்டது. தடையை ஒத்திவைப்பது, தொடர்ந்து ஆராய்வது, அதுவரை ஒவ்வொரு பக்கெட்டிலும் போத்தலிலும் ஓர் எச்சரிக்கை அச்சடிப்பது. ஆய்வுகூட மிருகங்களில் புற்றுநோய் உண்டாக்கியது, உங்கள் ஆரோக்கியத்துக்குக் கேடாகலாம் என்ற கருத்தில். வொயிஸில் வந்த லேபள் இதுதான்.

ஒத்திவைத்தது பதினெட்டு மாதத்துக்கு. அதை நீடித்து நீடித்து இருபது வருடம் கடந்தது. அந்த இடைவெளியில் வேலை நடந்தது. 1980இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 3,000 பேரையும், வராத ஏறத்தாழ 6,000 பேரையும் ஒப்பிட்டு வெளியிட்டது. மொத்தமாகப் பார்க்கையில், இனிப்பூட்டி பாவித்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. ஓரிரு சிறு பிரிவுகளில் மட்டும் ஐயம் மிஞ்சியது. குரங்குகளிலும் பார்த்தார்கள். பிறந்த மறுநாளிலிருந்து 20 குரங்குகளுக்குக் கிழமையில் ஐந்து நாள் சக்கரின் கொடுத்து, 24 வருடம் வரை. கட்டி வரவில்லை. அந்த முடிவு 1998இல் வெளியானது. ஒரு ஆசிரியர் நியமனம் பெற்று ஓய்வுபெறும் காலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை! இந்தப் பொறுமையை எட்டு நிமிட வொயிஸில் எப்படி அடக்குவது.

எலியின் மர்மமும் அவிழ்ந்தது. ஆண் எலியின் சிறுநீர் நம்முடையது போன்றதல்ல. அதில் புரதம் மிக அதிகம், கல்சியமும் பொசுபேற்றும் அதிகம். சோடியம் சக்கரினை அள்ளிக் கொடுக்கும்போது அந்தச் சிறுநீரில் நுண்ணிய பளிங்குகள் படிகின்றன. அவை சிறுநீர்ப்பையின் உட்தோலை உராய்ந்து புண்ணாக்க, புண்ணை ஆற்றக் கலங்கள் திரும்பத் திரும்பப் பெருக, அந்தப் பெருக்கத்தில் கட்டி பிறக்கிறது. விற்றமின் சீயின் சோடியம் உப்பை அதே மாதிரி அள்ளிக் கொடுத்தாலும் ஆண் எலிக்கு இதே விளைவுதான். மனிதனின் சிறுநீரில் அந்தப் பளிங்கு உருவாகும் நிலைமை இல்லை. குற்றவாளியாகப் பிடிபட்டது சக்கரின். உண்மையில் குற்றத்துக்குத் தேவைப்பட்டது எலியின் சிறுநீர்ப்பை.

1999இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலிலிருந்து சக்கரினை இறக்கி, மனிதருக்கு அவ்வாறு வகைப்படுத்த முடியாதவற்றின் பட்டியலில் போட்டது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் தனது புற்றுநோய்க் காரணிகள் அறிக்கையிலிருந்து அதை எடுத்தது. அதே வருடம் டிசெம்பரில் எச்சரிக்கை லேபளும் சட்டப்படி நீங்கியது. கனடாவும் 2014இல் மீண்டும் அனுமதித்தது.

எச்சரிக்கை 1977இல் புறப்பட்டு, கடல் தாண்டி, தலைமுறை தாண்டி, வட்ஸ்அப் ஏறி சாச்சாவின் சட்டைப் பை வரை வந்து சேர்ந்துவிட்டது. அதை வாபஸ் வாங்கிய செய்தி புறப்பட்டு இருபத்தைந்து வருடமாகிறது. இன்னும் சாச்சாவின் வீட்டுக்கு வரவில்லை.

அப்படியானால் எல்லா இனிப்பூட்டியும் பயமில்லையா, அள்ளிப் போடலாமா என்று கேட்பீர்கள். அப்படியும் நாம் எழுதவில்லை. சக்கரினுக்கு உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த எல்லை, உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு 300 மில்லிகிராம், நமது கணக்கில் 20 குளிசை. சாச்சா போடுவது எட்டு. கர்ப்பிணிகள் டொக்டரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம், சக்கரின் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.

இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் அஸ்பார்டேம் 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பவர் தாளை எடுப்பதற்காக விரலை நக்கியபோது அகப்பட்டது. (இலக்கம் மூன்று.) 2023 ஜூலையில் அதை மேலே சொன்ன அதே முகவரகம், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. கற்றாழை முழு இலைச் சாறும் ஆசிய முறை மரக்கறி ஊறுகாயும் இருக்கும் அதே பட்டியல். ஆதாரம் மட்டுப்பட்டது என்பதுதான் அந்தப் பட்டியலின் பொருள். அதே நாளில் நிபுணர் குழு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னது. இரண்டு அறிக்கை வந்தது, ஒன்றுதான் ஃபோர்வர்ட் ஆனது. பினைல்கீற்றோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

2023 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன இன்னொன்றை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். உடல் நிறையைக் குறைப்பதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம், நீண்ட காலத்தில் பலன் காணவில்லை என்பது அந்த வழிகாட்டல். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அது சேர்க்கவில்லை. ஆக நல்ல உடம்போடு இருக்கும் நமது பிள்ளைகளுக்கு டயட் சோடா வாங்கிக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. நம் நாட்டில் 2016இலிருந்து போத்தலில் ஒட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் சீனியின் அளவை மட்டும்தான் சொல்கிறது. பச்சையைக் கண்டு தண்ணீர் மாதிரிக் குடிக்க வேண்டாம். தண்ணீரே இருக்கிறது.

நேற்று அஸருக்குப் பிறகு மறுபடி சாச்சா வீட்டுக்குப் போனோம். ஒரு கொப்பித் தாளில் இரண்டு கணக்கை எழுதிக்கொண்டு போனோம். ஒன்று எலியின் கணக்கு. மற்றது அவருடைய சீனியின் கணக்கு. நாளைக்கு நாலு பிளேன் டீ, கோப்பைக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம், ஆக 40 கிராம். கரண்டி நிறைய அள்ளினால் இன்னும் மேல். மூன்று கிழமையாக. சாச்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்தார்.

"அப்ப அந்த எலிக்கு நாளைக்கு ஆயிரத்தறுநூறு குளிசக் கணக்கா?"

"எலிக்கில்ல சாச்சா, உங்கட அளவுக்குக் கணக்குப் பார்த்தா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டொக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவதாகச் சொன்னார். நல்லது, நாமும் அதைத்தான் சொல்ல நினைத்தோம். சாச்சி அதற்குள் சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். போன வழியில் நின்று, பெருநாளைக்கு வட்டிலாப்பத்துக்கும் அந்தக் குளிசையைப் போடலாமா என்று கேட்டார். அஸ்பார்டேம் என்றால் சூட்டில் இனிப்புப் போய்விடும், சக்கரின் சூடு தாங்கும் ஆனால் கசப்பு மிஞ்சும், கருப்பட்டியின் வாசமும் பதமும் எதிலும் வராது என்று தெரிந்ததைச் சொன்னோம்.

"அப்ப அவருக்கு ஒரு துண்டு மட்டும் வெட்டிக் குடுக்கிறன்" என்றார் சாச்சி.